கரண்ட் போன வீட்டில் எறும்பு

சப்வூஃபர் பழுது பார்க்க, புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. எந்த கெப்பாசிட்டர் வீங்கும், எந்த இடத்தில் சால்டர் விரிசல் விடும் என்பதெல்லாம் ஆறு மாதத்தில் உங்கள் கைக்கே தெரிந்துவிடும். குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு சர்வீஸ் சென்டரில்தான் என் வேலைக்காலம் முழுவதும் போனது. ஆம்ப்ளிஃபயர், ஹோம் தியேட்டர், கோயில் ஒலிபெருக்கி, எல்லாம் பார்த்திருக்கிறேன். அதில் ஒரே ஒரு மத்தியானத்தைப் பற்றி மட்டும் உங்களிடம் பேச நினைக்கிறேன். இன்றைக்கும் மழை பிடித்தால் எனக்கு அந்த மத்தியானம்தான் ஞாபகம் வருகிறது.

முடிச்சூர் பக்கத்திலிருந்து ஹேமா என்று ஒரு அம்மா வருவார். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. அவருடைய மகள் தாமரைக்கு அப்போது பத்துப் பதினோரு வயது இருக்கும். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. ஆனால் அந்தப் பெண் பரதநாட்டியம் கற்றுக்கொண்டிருந்தாள். எப்படி என்று நானும்தான் கேட்டேன்.

"கால்ல கேப்பா மேடம்" என்றார் ஹேமா.

அவர்கள் குடியிருந்த மாடி வீட்டில் ஓர் அறையில் பிளைவுட் மேடை செய்து, அதன் அடியில் கனத்த ஒலியை அதிர்வாகத் தரும் சப்வூஃபர் ஸ்பீக்கரைப் படுக்க வைத்திருந்தார்கள். மிருதங்கத்தின் அடி பலகை வழியாக உள்ளங்காலுக்கு வரும். அந்தப் பெண் வெறுங்காலோடு நின்று அதை வாங்கித் தாளம் தவறாமல் ஆடுவாள். நானே பார்த்திருக்கிறேன். மிருதங்கம் ஓய்ந்த அதே நொடியில் அவள் காலும் ஓயும்.

அந்த சப்வூஃபர்தான் நிற்காமல் தொல்லை கொடுத்தது. வீட்டு சப்வூஃபர்களின் குணம் உங்களுக்குத் தெரியும். ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் ஒரே மரப்பெட்டிக்குள் அடைத்துவிடுவார்கள். சூடு வெளியே போக வழியில்லை, அதிர்வு வேறு உள்ளிருந்தே உலுக்கும். பாட்டு ஓடாத நேரத்திலும் உள்ளே கரண்ட் ஓடிப் பாதி உயிரோடு இருக்கும். மேடைக்கு அடியில் காற்றே இல்லாமல் கிடந்தால் கேட்கவே வேண்டாம். நான் சரிசெய்து அனுப்புவேன், சில மாதத்தில் திரும்பி வரும்.

"இது நின்னா எல்லாருக்கும் பாட்டு மட்டும்தான் மேடம் நிக்கும். அவளுக்கு உலகமே நின்ன மாதிரி உக்காந்துடறா. நிரந்தரமா ஏதாவது பண்ணுங்களேன்" என்றார் ஹேமா ஒருநாள்.

செய்தேன். ஆம்ப்ளிஃபயரை மரப்பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, காற்றோட்டமுள்ள தனி இரும்புப் பெட்டியில் வைத்தேன். உள்ளே கெப்பாசிட்டர்களை நல்லதாக மாற்றினேன். பழைய இரண்டு பின் ஒயருக்குப் பதிலாக மூன்று பின் போட்டு, பெட்டியை எர்த்தோடு இணைத்தேன். மேல்மூடி இரும்பு என்றால் எர்த் கொடுக்காமல் விடக்கூடாது. அந்தப் பெட்டியை மேடையின் பக்கவாட்டில் திருகிவிட்டேன். மேடையின் விளிம்பு பிசிறாமல் இருக்கத் தச்சர் சுற்றிலும் அலுமினியப் பட்டை அடித்திருந்தார். பெட்டி அந்தப் பட்டையைத் தொட்டபடி உட்கார்ந்தது. பிளக்கை மாட்டுமுன் சுவரில் இருந்த சாக்கெட்டையும் சோதித்தேன். கரண்ட் வரும் லைன், திரும்பும் நியூட்ரல், மண்ணுக்குப் போகும் எர்த் மூன்றும் சரியாக இருப்பதாகத்தான் சோதனைக் கருவி காட்டியது.

அதன் பிறகு அது நிற்கவே இல்லை. கோடை முழுவதும் ஓடியது. ஹேமா ஃபோன் செய்வதையே விட்டுவிட்டார்.

ஐப்பசி மழையில்தான் மறுபடி ஃபோன் வந்தது. சாப்பாடு முடித்து டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். வெளியே ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிற சத்தம். ஹேமாவின் குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது.

"மேடம், தொந்தரவு பண்றதுக்கு மன்னிச்சுக்குங்க. ஒரு சந்தேகம்தான். இங்க காலைல இருந்து மழை. கொஞ்ச நேரம் முன்னாடி கரண்ட் போயிடுச்சு. உங்க பெட்டிய நான் ஸ்விட்ச் ஆஃப் பண்ணிட்டேன், அது போதும்ல?"

"போதும்மா. வேற ஒண்ணும் பயம் இல்ல" என்றேன்.

"இன்னொண்ணு. மழைக்கு எறும்பு உள்ள வருது போல. பெட்டிக்குள்ள எறும்பு போனா கெட்டுப் போயிடுமா?"

"எறும்பு பாத்தீங்களா?"

"நான் பாக்கல. தாமரைதான் சொல்றா. மேடைல நின்னுக்கிட்டு கால்ல எறும்பு ஊருதுன்னு காட்டறா. குனிஞ்சு பாத்தா ஒரு எறும்பையும் காணோம்."

டப்பாவைக் கீழே வைத்தேன்.

"பாட்டு ஓடலையே, அவ ஏன் மேடைல நிக்கறா?"

"இடி இடிச்சா பலகைல தெரியுமாம் மேடம். மழைன்னா அங்கயேதான் நிப்பா."

"கீழ் வீட்ல கரண்ட் இருக்கா?"

ஹேமா காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். "இருக்கு மேடம். டிவி ஓடற சத்தம் கேக்குது. எங்களுக்கு மட்டும்தான் போயிருக்கு."

அதைக் கேட்டதும்தான் எனக்குப் பயம் வந்தது. ஏன் என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டில் மட்டும் விளக்கு அணைந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். லைன் அறுந்திருந்தால் வீடு செத்துப்போகும், பயமில்லை. நியூட்ரல் அறுந்திருந்தால் கதை வேறு. விளக்கு எரியாது, ஃபேன் சுற்றாது, பார்க்கிறவர் கரண்ட் போய்விட்டது என்பார். ஆனால் லைன் உள்ளே வந்துகொண்டேதான் இருக்கும். ஃபிரிட்ஜ் வழியாகவோ ஃபேன் வழியாகவோ நியூட்ரல் ஒயருக்குள் ஏறித் திரும்பிப் போக வழியில்லாமல் நிற்கும். அந்த வீட்டில் யாராவது எர்த் குழியைச் சரிசெய்யச் சோம்பல்பட்டு, எர்த் ஒயரை நியூட்ரலோடு முறுக்கிவிட்டிருந்தால், எர்த் கொடுத்திருக்கிற ஒவ்வொரு இரும்பும் அப்போது கரண்ட் ஏறி உயிரோடு இருக்கும். இப்படி முறுக்கிய சாக்கெட்டை என் சோதனைக் கருவி சரியான சாக்கெட் என்றுதான் காட்டும். ஸ்விட்சை அணைப்பதாலும் பயனில்லை. ஸ்விட்ச் லைனைத்தான் வெட்டும், எர்த்தை வெட்டாது.

ஆக என் பெட்டி உயிரோடு இருந்தது. அதைத் தொடும் அலுமினியப் பட்டையும் உயிரோடு இருந்தது. பட்டை மேல் ஒரு குழந்தையின் கால்விரல். காய்ந்த பலகை மீது நிற்பதால்தான் அது எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது.

"ஹேமா, தரை ஈரமா இருக்கா?"

"பால்கனி வழியா சாரல் அடிச்சு ஹால், ரூம் பூரா தண்ணி. தொடைச்சுக்கிட்டே இருக்கேன். சாரல் மேடைக்கும் வரப்போகுது, எறங்கச் சொல்றேன் இருங்க."

"வேண்டாம்!"

கத்திவிட்டேன். கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் ஹேமா மூச்சை இழுத்துக்கொண்டது கேட்டது. நான் கத்தியிருக்கக்கூடாது என்று அந்தக் கணமே புரிந்தது. அந்தப் பெண்ணுக்குக் காது கேட்காது. அம்மாவின் முகம்தான் அவளுக்குக் காது. அம்மா பயந்தால் அவள் பயப்படுவாள், பயந்தால் அம்மாவிடம் ஓடுவாள். ஒரு கால் அலுமினியத்தில், மறுகால் ஈரத்தரையில். அவ்வளவுதான்.

குரலை இறக்கினேன். "ஹேமா, நான் சொல்றத மட்டும் கேளுங்க. முகத்த மாத்தாதீங்க. சிரிங்க. தாமரை உங்களப் பாக்கறாளா?"

"பாக்கறா."

"நீங்க எங்க நிக்கறீங்க?"

"ரூம் வாசல்ல. செருப்பு இல்ல."

"அங்கயே இருங்க. கிட்ட போகாதீங்க. மேடை ஓரத்துல இருக்கற அலுமினியத்துல கரண்ட் இருக்கு. அவ எறங்கவும் கூடாது, நீங்க தொடவும் கூடாது. மேடை நடுவுல அவ இருந்தா ஒண்ணும் ஆகாது. புரியுதா? நடுவுல போய் நில்லு, உக்காராத, எதையும் தொடாதன்னு காட்டுங்க. சிரிச்சுக்கிட்டே காட்டுங்க."

"கரண்ட்தான் இல்லையே மேடம்?"

"இருக்கு. என்னை நம்புங்க."

சைகை செய்ய இரண்டு கையும் வேண்டும். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு அலமாரி மேல் வைக்கிறேன் என்றார். அதற்குப் பிறகு எனக்கு மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. சைகைக்குச் சத்தம் கிடையாது. அம்மா என்ன சொன்னார், மகள் என்ன செய்தாள், காலை எடுத்தாளா, எந்தப் பக்கம் எடுத்தாள், எதுவும் எனக்குத் தெரியவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் மூச்சுப் பிடித்து நின்றது கிடையாது.

"நடுவுல நின்னுட்டா மேடம்" என்று ஹேமா சொன்னபோது அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பது குரலிலேயே தெரிந்தது. "எறும்பு போயிடுச்சாம்."

எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அடுத்தது மெயின். மெயின் ஸ்விட்ச் மாடிப்படி தொடங்கும் இடத்தில், கீழ் வீட்டுச் சுவரில். ஹேமா இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்துக் கீழ் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். மாரி என்று பேர், ஆட்டோ ஓட்டுகிறவர். மழைக்கு வண்டி எடுக்காமல் வீட்டில் இருந்தார். மேலே ஓடிவந்து விஷயத்தைக் கேட்டதும் அவர் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"இன்னா மேடம், ஷாக்கா? நீ பேஜாராவாத. நா போயி மெயின இஸ்துட்டு வந்துட்றேன்."

"மாரி அண்ணா, நில்லுங்க! கீழ தண்ணி எவ்ளோ இருக்கு?"

"கணுக்கால் வரைக்கும் கீது. இன்னா இப்போ?"

"அந்த மெயின் இரும்புப் பெட்டிதானே? அந்தப் பெட்டிலயும் கரண்ட் இருக்கும். தண்ணில நின்னு அதத் தொட்டீங்கன்னா போயிடுவீங்க."

மாரியின் குரல் இறங்கியது: "அப்போ இன்னா பண்றது மேடம்? புள்ள அங்க நின்னுகினு கீது."

"தரை தொடைக்கற மாப் இருக்கா? பிளாஸ்டிக் கொம்பு?"

"கீது."

"கொம்ப நல்லா தொடச்சு காய வைங்க. காஞ்ச படிக்கட்டுல நின்னு, எட்டி, கொம்பால லீவர கீழ தள்ளுங்க. சுவரத் தொடாதீங்க. தண்ணில கால வெக்காதீங்க. எட்டலன்னா விட்டுட்டு வந்துடுங்க. வேற வழி பாக்கலாம்."

அவர் போனார். இப்போது யோசித்தால், அந்த மனிதர் என்னைப் பார்த்ததுகூட இல்லை. யாரோ ஒரு பெண் ஃபோனில் சொல்கிறாள் என்று, உயிர் போகும் என்று தெரிந்த இடத்துக்கு ஒரு மாப்பை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

கீழே 'டக்' என்று ஒரு சத்தம் எனக்கே கேட்டது. "தள்ளிட்டேன்! கீழ எறங்கிட்ச்சு லீவரு!"

"எறங்கச் சொல்லட்டுமா மேடம்?" ஹேமாவின் குரலில் அழுகை கட்டுமீறி வந்துவிட்டது.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். லீவர் கீழே இறங்கிவிட்டது. ஆனால் ஏற்கெனவே இருட்டாக இருந்த வீடு. அணைந்துவிட்டது என்று சொல்ல எரிகிற விளக்கு ஒன்றும் அங்கே இல்லை. எவ்வளவு பழைய ஸ்விட்ச், உள்ளே என்ன நிலையில் இருக்கிறது, எனக்குத் தெரியாது. எல்லோரும் என்னுடைய 'ம்' என்ற ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். கடையில் என் பக்கத்தில் நின்றவர்கள்கூட, "சொல்லுங்க மேடம், அதான் ஆஃப் பண்ணியாச்சே" என்றார்கள். எனக்கும் சொல்லிவிடத்தான் ஆசை. அந்தப் பயத்திலிருந்து நான் வெளியே வரவேண்டும் என்றுதான் தோன்றியது. அப்படித் தோன்றியதே எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது.

"ஹேமா, கட்டில்ல மெத்தை இருக்கா? காஞ்ச மெத்தை?"

"இருக்கு."

"மாரி அண்ணாவையும் சேத்துக்கிட்டு மேடைக்குப் பக்கத்துல தூக்கிப் போடுங்க. ரெண்டு பேரும் மேடையத் தொடக்கூடாது. தாமரைய நடுவுல இருந்து ரெண்டு காலாலயும் ஒரே தாவா மெத்தைல தாவச் சொல்லுங்க. ஓரத்துல கால் படக்கூடாது. விளையாட்டு மாதிரி காட்டுங்க."

மெத்தை விழுந்த சத்தம் கேட்டது. பிறகு மறுபடி மழை. மழை மட்டும். ஹேமா சைகையில் தாவுவது எப்படி என்று காட்டிக்கொண்டிருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். குழந்தைக்குப் புரியாமல் ஒரு காலை மட்டும் எடுத்து வைத்தால்? பட்டையில் இடறினால்?

தொப்பென்று ஒரு ஓசை. உடனே ஒரு பெருஞ்சத்தம். அது அலறலா சிரிப்பா என்று எனக்குப் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, ஹேமா மகளைக் கட்டிக்கொண்டு கதறியிருக்கிறார்.

"வந்துட்ச்சு மேடம், புள்ள வந்துட்ச்சு" என்றார் மாரி.

எல்லோரையும் கீழ் வீட்டுக்குப் போகச் சொன்னேன். மாடியில் ஃபிரிட்ஜோ கிரில்லோ எதையும் நான் வரும்வரை தொடாதீர்கள் என்றேன். மின்வாரியத்துக்கு ஃபோன் போடச் சொன்னேன். பிறகு டெஸ்டரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

குரோம்பேட்டையிலிருந்து ரயிலில் தாம்பரம், அங்கிருந்து ஆட்டோ. முடிச்சூர் ரோட்டில் தண்ணீர் நின்றதால் பாதி தூரம் நடந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது மின்வாரிய ஆள் இன்னும் வரவில்லை. ரப்பர் செருப்போடு மாடிக்கு ஏறி, டெஸ்டரை எடுத்து அலுமினியப் பட்டையில் வைத்தேன்.

எரிந்தது.

கீழே லீவர் இறங்கியே இருந்தது. பிறகு மின்வாரிய ஆள் வந்து கம்பத்தில் லைனைப் பிரித்த பின் ஸ்விட்சைத் திறந்து பார்த்தபோது தெரிந்தது, லைன் பக்கத்துத் தகடு உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. லீவர் மட்டும்தான் இறங்கியிருந்தது. முற்றத்துக்கு சிமென்ட் போட்டபோது எர்த் குழியை மூடிவிட்டு, யாரோ எர்த் ஒயரை அந்தப் பெட்டிக்குள்ளேயே நியூட்ரலோடு முறுக்கியிருந்தார்கள். மீட்டர் பக்கத்தில் நியூட்ரல் முனை கருகி உதிர்ந்திருந்தது. மாரி அதையெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டு படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த மெத்தை இல்லாமல் இறங்கச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்திருப்பார். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் புதிதாக எர்த் குழி தோண்டினார்கள். மெயின் மாற்றினார்கள், கசிவு வந்தால் தானே வெட்டிக்கொள்ளும் பிரேக்கர் போட்டார்கள். நான் என் பங்குக்கு மேடையைப் பிரித்தேன். அலுமினியப் பட்டையை உரித்துத் தூக்கிப் போட்டேன். ஆம்ப்ளிஃபயர் பெட்டியை மேடையை விட்டு விலக்கி, எதிர்ச்சுவரில் கை எட்டாத உயரத்தில் பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்தேன். மேடையில் இரும்பு என்று ஒரு ஆணித்தலைகூட வெளியே தெரியாதபடி செய்தேன். இந்த வேலைக்கெல்லாம் நாள் பிடித்தது. அதுவரை அந்த அறைக் கதவைப் பூட்டியே வைத்திருந்தார்கள்.

வேலை முடிந்த அன்று பாட்டைப் போட்டேன். மிருதங்கம் தெளிவாக ஓடியது. எல்லா இடத்திலும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆச்சு, வரச் சொல்லுங்க" என்றேன்.

தாமரை வாசலோடு நின்றுவிட்டாள். மேடையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். ஹேமா சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவள் இன்னும் ஒரு அடி பின்னால் போனாள். அன்றைக்கும் அம்மா அப்படித்தானே சிரித்தார்.

பிறகு அவள் என்னைப் பார்த்துக் கையால் ஏதோ கேட்டாள். ஹேமா சொல்லத் தயங்கினார்.

"என்னம்மா கேக்கறா?"

"நீங்க ஏறுவீங்களான்னு கேக்கறா மேடம்."

எல்லா அளவும் சரியாக இருந்தது. நானே இரண்டு தடவை பார்த்தது. பயப்பட ஒரு காரணமும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலை அன்றும் சாரலில் நனைந்திருந்த தரையில் வைத்து, மறுகாலை அந்தப் பலகையை நோக்கித் தூக்கியபோது என் உடம்பு பின்வாங்கியது. தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது. அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் காலைக் கீழே வைத்தேன். மறுபடி மீட்டரை எடுத்தேன். அவள் பார்க்க, பலகை, சுவர், சாக்கெட், பெட்டி என்று எல்லாவற்றையும் மூன்றாம் தடவை சோதித்தேன். மழுப்பவில்லை, சிரிக்கவும் இல்லை. எனக்கும் பயமாக இருக்கிறது என்று ஹேமாவிடம் சொல்லி, அதை அப்படியே அவளிடம் சைகையில் சொல்லச் சொன்னேன். பிறகு ஏறினேன்.

மிருதங்கம் என் உள்ளங்காலில் அடித்தது. அத்தனை வருடம் இந்த வேலை பார்த்திருக்கிறேன், ஒலி கால் வழியாக வருவதை அன்றுதான் அறிந்தேன். எறும்பு இல்லை.

சிறிது நேரம் நின்றேன். தாமரை பக்கத்தில் வந்து, குனிந்து, என் காலுக்கு அருகில் பலகையில் ஒரு விரலை மட்டும் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஆடவில்லை. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பாட்டு முடியும்வரை அப்படியே நின்றோம்.